மூடிமேல் வைத்த கடுகு

செப்டம்பர் 9, திங்கள்

இன்றிலிருந்து எழுதி வைக்கப் போகிறேன். தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள், எல்லாம். நாளைக்கு விசாரணை என்று ஒன்று வந்தால் வாய்ப்பேச்சு எடுபடாது. கையில் சாட்சி வேண்டும். இந்த நோட்டு அதற்குத்தான்.

விஷயம் இதுதான். என் வில்லைகளை யாரோ தொடுகிறார்கள். 'யாரோ' என்று எழுதுவது ஒரு மரியாதைக்கு. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பதே மூன்று பேர். பேராசிரியர் நஞ்சப்பன் சார் தன் அறையை விட்டு வெளியே வந்தால் அன்றைக்கு மழை பெய்யும். அடுத்தவள் நான். மீதி இருப்பது பியூலா.

ஜூன் மாதம் வந்து சேர்ந்தவள். நாசரேத் பக்கம் ஊர், இங்கே கோயமுத்தூரில் லேடீஸ் ஹாஸ்டல். புராஜெக்ட் வேலை, பதினொரு மாத ஒப்பந்தம், நீட்டிப்பது சார் கையில் இருக்கிறது. காலை எட்டு மணிக்கே வந்து கதவைத் திறந்துவிடுவாள். நான் சமையல் முடித்து, வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்து, இரண்டு பஸ் மாறி வர ஒன்பதரை ஆகும். ஆக, தினமும் ஒன்றரை மணி நேரம் அவளும் என் வில்லைகளும் தனியாக இருக்கிறார்கள்.

வில்லை என்றால் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய குவார்ட்ஸ் தகடு. இரண்டு பக்கமும் தங்கப் பூச்சு. மின்சாரம் கொடுத்தால் நொடிக்கு ஐம்பது லட்சம் முறை அதிரும். அதன் ஒரு முகத்தைத் தண்ணீரில் நனைத்தால், ஒட்டிய தண்ணீரும் கூடவே ஆடும், சுமை கூடும், அதிர்வு 715 குறையும். சுத்தமான வில்லைக்கு அதுதான் கணக்கு. முகத்தில் கொஞ்சம் பசை படிந்தாலும் போச்சு. தண்ணீர் பரவி ஒட்டாது, நடுவில் கண்ணுக்குத் தெரியாத காற்று மாட்டிக்கொள்ளும், 650-இல் நின்று தள்ளாடும். தண்ணீர் ஒட்டுவதும் ஒட்டாததும் அதிர்வை எப்படி மாற்றுகிறது என்பதுதான் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். இது சரியாக நின்றால்தான் கிணற்றுத் தண்ணீரில் சாயம் கலந்திருக்கிறதா என்று இந்தக் கருவியை நம்பிக் கேட்க முடியும்.

எட்டு வருஷம் ஆகிவிட்டது. டிசம்பர் 31-க்குள் கொடுக்க வேண்டும், இனி நீட்டிப்பு கிடையாது என்று பல்கலைக்கழகம் கடிதமே அனுப்பிவிட்டது. நாலு வருஷமாக ரீடிங் ஒருநாள்போல ஒருநாள் வராமல் என் உயிரை எடுத்தது. இந்த ஜூலையிலிருந்துதான் ஒழுங்காக வருகிறது. எண்பத்தாறு ரீடிங், எல்லாம் 715-ஐ ஒட்டி. பொறுமைக்குக் கிடைத்த கூலி. இந்த நேரம் பார்த்துத்தான் ஒருத்திக்குக் கை அரிக்கிறது.

நான் வில்லைகளை எண் மேலே தெரிகிற மாதிரி வைப்பேன். இன்று காலை மூன்றாவது வில்லை திரும்பி இருந்தது.

செப்டம்பர் 10, செவ்வாய்

நேற்று எழுத மறந்தது. ஜூலை தொடக்கத்தில் இவள் என்னிடம் வந்து, "அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டியளே? வில்லைய விளக்குல வைக்காம நேரா மெஷின்ல போடுதியளே" என்றாள்.

விளக்கு என்பது புற ஊதா விளக்கு. வில்லையை அதன் கீழே பத்து நிமிஷம் வைத்தால் முகத்திலுள்ள பசை போகும். ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். புத்தகத்தில் எல்லாம்தான் இருக்கும்.

"கண்ணு, நான் எட்டு வருஷமாப் போட்டுட்டிருக்கேன். நீ இன்னும் மெஷின் சுவிட்ச் எங்கிருக்குன்னே கத்துக்கல" என்றேன்.

"சரிக்கா" என்று சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்று கிளம்பும்போது வில்லை டப்பாவின் மூடிமேல் ஒரு கடுகு வைத்துவிட்டு வந்தேன். மூடியைத் திறந்தால் உருண்டு விழ வேண்டும். பார்ப்போம்.

செப்டம்பர் 11, புதன்

கடுகு மூடிமேல் இல்லை. மேசையில் ஒரு துண்டுக் காகிதத்தின்மேல் பத்திரமாக இருந்தது! என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். நான் கண்டுபிடித்துவிட்டேன், நீ என்ன செய்வாய் என்று கேட்கிற மாதிரி.

ரீடிங் 716.

செப்டம்பர் 17, செவ்வாய்

"எங்க ஊர்ல அசனம்க்கா, கோயில் விருந்து. மூணு நாள் லீவு போட்டிருக்கேன்" என்றாள். போகட்டும். மூன்று நாள் நிம்மதி.

"அக்கா, நாளையிலேர்ந்து வில்லைய..." என்று ஆரம்பித்தாள்.

"நான் பாத்துக்கறேன், நீ பஸ்ஸப் புடி" என்றேன்.

செப்டம்பர் 18, புதன்

662.

செப்டம்பர் 19, வியாழன்

648. நிற்கவே இல்லை, குடிகாரன் மாதிரி ஆடுகிறது.

செப்டம்பர் 20, வெள்ளி

651. இப்போது புரிகிறது. ஊருக்குப் போகும் முன்பே ஏதோ தடவி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தான் இல்லாத நாளில் கெட்டால் தன்மேல் சந்தேகம் வராது என்று கணக்கு. படித்த மூளை அல்லவா!

சம்பத்திடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் மில்லில் சூப்பர்வைசர். நூல் அறுந்தால் ஏன் அறுந்தது என்று தேடுவது அவர் தொழில். "அந்தப் புள்ள இல்லாதப்பதானே கெட்டுச்சு? அப்புறம் அது எப்படிப் பண்ணிருக்கும்?" என்றார். இவரிடம் போய்ச் சொன்னேன் பார்.

செப்டம்பர் 23, திங்கள்

வந்துவிட்டாள். கையில் மஸ்கோத் அல்வா. "எங்க ஊரு அல்வாக்கா, முதலூர்லேர்ந்து வாங்குனது." வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். நான் தொடவில்லை. சம்பத் மொத்தத்தையும் தின்றுவிட்டு, இதுவரை ஒன்றும் ஆகாமல் நன்றாகத்தான் இருக்கிறார்.

நான் அவளை இன்று ஒரு பார்வை பார்த்தேன். ரீடிங் 714. பயந்துவிட்டாள்.

அக்டோபர் 3, வியாழன்

பிடித்துவிட்டேன்.

இன்று சம்பத்தைக் கேன்டீனில் சாப்பிடச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸிலேயே கிளம்பினேன். எட்டு பத்துக்கு ஆய்வுக்கூடம். செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனேன். மூலையில், விளக்கு இருக்கிற மேசைப் பக்கம், முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். இடது கையில் என் டப்பா. வலது கை இடுக்கியில் என் வில்லை.

"என்ன பண்றே?"

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. "ஒண்ணுமில்லக்கா... தூசி இருந்திச்சி. சும்மா பாத்தேன்."

"என்ற டப்பாவ நீ எதுக்குப் பாக்கறே?"

"எடுத்த இடத்துலயே வச்சிருதேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே வில்லையை டப்பாவில் வைத்து மூடிக் கொடுத்தாள். வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இனி டப்பா இங்கே தூங்காது. சாயங்காலம் வீட்டுக்கு எடுத்து வந்து பீரோ லாக்கரில், என் கல்யாணப் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். என் பீரோவில் மனுஷர் என்ன, ஒரு பூச்சிகூட நுழையாது. தட்டுக்குத் தட்டு அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம்தான் புதுசாக மாற்றினேன். சாவி என் தாலிக்கொடியில்.

அக்டோபர் 4, வெள்ளி

690. பரவாயில்லை. நேற்று அவள் வைத்த கைவரிசை இன்னும் மிச்சம் இருக்கும்.

அக்டோபர் 7, திங்கள்

649.

அக்டோபர் 8, செவ்வாய்

640. டப்பாவில் கை வைக்க முடியவில்லை என்றதும் தண்ணீரில் வைத்துவிட்டாளோ? புதுத் தண்ணீர்க் குடுவையைத் திறந்து ஊற்றினேன். 641. மெஷின் புரோகிராமில் ஏதாவது மாற்றியிருக்கலாம். பழையபடி நிறுவினேன். 638. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாத்ரூமில் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

மத்தியானம் வந்து நிற்கிறாள். "அக்கா, டப்பாவ இப்ப வீட்டுக்குக் கொண்டு போறியளோ?"

"ஏன், தேடுனியா?"

"இல்லக்கா. டப்பா தொறக்கும்போது ஒரு வாசம் அடிக்கி. அதான்..."

"என்ற வீட்டு வாசம் உனக்கு ஆகலியா?"

முகம் சுண்டிப் போனது. திரும்பிப் போய்விட்டாள். நான் கேட்டது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவளுக்கு வேண்டும்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை லீவு என்பதால் இன்றே ஆயுத பூஜை. மெஷினுக்குப் பொட்டு வைக்கப் போனேன். "அக்கா, சந்தனத்த வில்லை வைக்கிற பக்கம் மட்டும் வைக்காதிய" என்றாள் பியூலா. சாமி காரியத்திலும் குறுக்கே வருகிறாள் என்று நினைத்தேன். சார் வேறு, "அந்தப் பொண்ணு சொல்றது சரிதானுங்க சுகுணா" என்றுவிட்டார். எனக்குச் சுண்டலே இறங்கவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

633. இன்னும் இரண்டரை மாதம்கூட இல்லை. கடைசியாகத் திரும்ப எடுக்க வேண்டிய இருபது ரீடிங் வராவிட்டால் ஆய்வேடு இல்லை. எட்டு வருஷம் பெட்டிக்குள். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் "என்னம்மா, இன்னும் டாக்டர் ஆகலியா?" என்று கேட்கும்போது சிரித்த சிரிப்பெல்லாம் வீண்.

சாருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். இரண்டு பக்கம். இந்த நோட்டைப் பார்த்துத் தேதி தேதியாக.

அக்டோபர் 16, புதன்

சார் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தனுங்க சார். மூணாந்தேதி காலைல எட்டு பத்துக்கு. என்ற வில்லைய இடுக்கில புடிச்சிட்டு நின்னா."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"ஒரு பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போடக் கூடாதுன்னு பொறுத்துப் பாத்தனுங்க."

பியூலாவைக் கூப்பிட்டார். வந்து நின்றாள்.

"சுகுணாவோட வில்லையத் தொட்டியாம்மா?"

"தொட்டேன் சார்."

"ஒரு தடவையா?"

"இல்ல சார். நெறைய தடவ."

சார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நான்கூட இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று நினைக்கவில்லை.

"எதுக்கு?"

என் பக்கம் திரும்பினாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"உன்னத்தாம்மா கேக்கறேன். எதுக்கு?"

"அக்காவே சொல்லட்டும் சார்."

நான் சொல்லட்டுமாம்! நான்தான் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேனே, இன்னும் என்ன சொல்ல? அப்படியே சாரிடம் சொன்னேன்.

அதைக் கேட்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கேக்காமத் தொட்டது தப்புதான் சார்" என்றாள். அதற்குமேல் சார் எப்படிக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. குற்றமுள்ளவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

அக்டோபர் 18, வெள்ளி

பியூலா இந்த மாதத்தோடு நிற்கிறாள். ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாகச் சார் எழுதிவிட்டார். இன்றிலிருந்தே ஆய்வுக்கூடத்துக்குள் வரக் கூடாது.

சாவியை என் மேசையில் வைத்தாள். கண் வீங்கியிருந்தது.

"வாரேன்க்கா. போடுததுக்கு முன்ன வில்லைமேல ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க."

போகிற போக்கிலும் எனக்கு வாத்தியார் வேலை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அக்டோபர் 21, திங்கள்

631.

அக்டோபர் 23, புதன்

628. அவள் இங்கே இல்லை. சாவி என்னிடம். தண்ணீர் நான் ஊற்றியது. புரோகிராம் நான் போட்டது.

அக்டோபர் 25, வெள்ளி

சம்பத்தைக் கேட்டேன், "ஏனுங்க, லாக்கரத் தொறந்தீங்களா?"

"சாவியக் கழுத்துல மாட்டிட்டு என்னக் கேட்டா? மேல்தட்டுல வேட்டி எடுத்தேன். அதுக்கும் சாருக்கு லெட்டர் எழுதப் போறியா?"

சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அரக்குப் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டினேன். சம்பத்திடம் ஆசி வாங்க வந்த மச்சினர் பெண் என்னைக் கட்டிப் பிடித்தாள், மூன்று தும்மல் போட்டாள். "பெரிம்மா, உங்க மேல அந்துருண்டை வாசம் குப்புன்னு அடிக்குது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் லாக்கரைப் பூட்டப் போனேன். டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்தேன்.

பலகாரம் நன்றாக வந்தது. முறுக்குதான் கொஞ்சம் கடுக்கென்று இருந்தது. வேறு எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 4, திங்கள்

எட்டு மணிக்கே போனேன். முதல் வில்லையை எடுத்து வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன்.

முத்து மாதிரி நின்றது. பரவவே இல்லை. சாய்த்தால் உருண்டது. எண்ணெய்த் தட்டை அலம்பும்போது நிற்குமே அப்படி. தினமும் பாத்திரம் தேய்க்கிறவள் நான். இது என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. எல்லாம் அப்படியே.

நான்கையும் விளக்கின் கீழே பத்து நிமிஷம் வைத்தேன். வெளியே எடுத்துச் சொட்டு விட்டேன். படக்கென்று பரவி, வில்லை முழுக்கக் கண்ணாடியாக ஆனது. மெஷினில் போட்டேன். 715. அடுத்தது 715. அடுத்தது 714.

அந்துருண்டை என்பது ஆவியாகிக் கண்ட இடத்தில் போய்ப் படியும் சரக்கு. அதற்கு நடுவே என் கையாலேயே பூட்டி வைத்திருக்கிறேன். மாதம் முழுக்க. மூன்றாம் அத்தியாயம் எழுதியவள் நான்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. விளக்கைப் பயன்படுத்தினால் பக்கத்தில் ஆணியில் தொங்குகிற ரெஜிஸ்டரில் எழுத வேண்டும் என்பது விதி. விளக்குக்கு ஆயுள் மணிக்கணக்கில்தான். எடுத்துப் பிரித்தேன். என் கையெழுத்து கடைசியாக இருப்பது மார்ச் மாதத்தில்.

அதற்கப்புறம் ஜூலை 3. "காலை 8.10 முதல் 8.20. சுகுணா அக்கா வில்லைகள் 4. பியூலா." ஜூலை 4. "8.10 முதல் 8.20. சுகுணா அக்கா வில்லைகள் 4. பியூலா." பக்கம் பக்கமாக அதுவே. சனி, ஞாயிறு மட்டும் இல்லை. செப்டம்பர் 18, 19, 20 இல்லை. கடைசி வரி அக்டோபர் 3. "8.05 முதல்" என்று தொடங்கி முடியாமல் நிற்கிறது.

என் எண்பத்தாறு ரீடிங்கும் அவள் கழுவிக் கொடுத்தவை.

ரெஜிஸ்டரை ஆணியில் மாட்டிவிட்டேன். நான் இன்று விளக்குப் போட்டதை எழுதவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

716. 715. 715.

யோசித்துப் பார்த்தேன். அந்த ரெஜிஸ்டரை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. வருஷக் கடைசியில் பழைய பேப்பரோடு போய்விடும். இன்னும் பதினான்கு ரீடிங் இருந்தால் போதும். ஆய்வேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் வில்லைகளை நானே சுத்தம் செய்தேன் என்று இருக்கிறது. அது பொய் என்று தெரிந்தால் அந்த அத்தியாயத்தையே தூக்கிப் போடச் சொல்வார்கள். நான் யாருக்கும் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்தது.

நவம்பர் 7, வியாழன்

714. 715.

சார் தானாகவே எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "பாத்தீங்களா சுகுணா? அந்தப் பொண்ணு போனதும் எல்லாம் சரியாயிருச்சு. நீங்க அன்னிக்கு எழுதிக் கொடுத்தது நல்லதாப் போச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. "ஆமாங்க சார்" என்றுகூடச் சொன்ன ஞாபகம்.

சொன்னேன். ஞாபகம் எல்லாம் இல்லை, சொன்னேன்.

நவம்பர் 9, சனி

பியூலாவுக்கு போன் போட்டேன். மூன்று தடவை எண்ணை அழுத்தி மூன்று தடவை வைத்தேன். நாலாவது தடவை அவளே எடுத்துவிட்டாள்.

"அக்கா, சொல்லுங்க."

அல்வா நன்றாக இருந்தது என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ரீடிங் சரியாயிட்டாக்கா?"

"ஆச்சு. அந்துருண்டை. பீரோல வச்சிருந்தேன்."

"நெனச்சேன்க்கா. அந்த வாசந்தான் அது. எங்க வீட்டு பீரோவும் அப்படித்தான் அடிக்கும்."

"அன்னிக்கு சார் ரூம்ல ஏன் பியூலா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

போனைக் காதிலிருந்து எடுத்து, வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன்.

"நா சொன்னா, நீங்க கழுவாமப் போட்டியன்னு ஆயிரும். ஒங்க அத்தியாயம் என்னத்துக்கு ஆவும்? அத நா எப்படிக்கா சொல்லுவேன்? ரெஜிஸ்டர்ல தினம் எழுதி வச்சிருக்கேனே, அக்காவுக்குத் தெரியும், அவியளே சொல்லுவாவன்னு ஒங்க மூஞ்சியவே பாத்துட்டு நின்னேன். நீங்க ஜன்னலப் பாத்திய. கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன்க்கா. நெறைய இருக்கு. எங்க அப்பா இன்னும் எங்கிட்ட சரியாப் பேசல. திருடிட்டு வந்தவ மாதிரி பாக்காவ."

"இப்ப என்ன பண்றே?"

"பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல கூப்பிட்டிருக்காவ. பதினஞ்சாந்தேதி இன்டர்வியூ. பழைய லேப்லேர்ந்து நடத்தைச் சான்று வேணும்னு கேக்காவ. சாருக்கு மூணு மெயில் போட்டுட்டேன். பதில் இல்ல. எப்படித் தருவாவ?"

அதற்கப்புறம் அவள் "வைக்கட்டாக்கா?" என்றாள். எனக்கு மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. அவள் வைத்தபிறகு கேட்டேன், வெறும் போனிடம்.

நவம்பர் 10, ஞாயிறு

சம்பத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். நூல் அறுந்த இடம் தெரிந்துவிட்டால் அவர் ரொம்பப் பேச மாட்டார்.

"சாருகிட்டச் சொன்னா உன்ற டாக்டர் பட்டம்?"

"போனாலும் போயிருங்க."

"சொல்லலேன்னா?"

"வரும்."

"வந்தா அத எங்க வைப்பே? அதே லாக்கர்லயா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். குடித்தேன்.

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். எல்லாம் நானே எழுதி வைத்திருக்கிறேன். ஜூலையிலிருந்து சரியாக வருகிறது என்று. அவள் ஊருக்குப் போனபோது கெட்டது, வந்ததும் சரியானது என்று. விளக்கு மேசைப் பக்கம் நின்றாள் என்று. ஒரு கடுகைக்கூடக் கீழே போடாமல் காகிதத்தில் எடுத்து வைத்தவளை நான் என்னவெல்லாம் எழுதியிருக்கிறேன்! படிக்கப் படிக்க உடம்பு கூசியது. மூன்று இடங்களில் பக்கத்தைக் கிழிக்கக் கை போனது. கிழிக்கவில்லை.

நவம்பர் 11, திங்கள்

சார், இது உங்களுக்கு எழுதுகிறேன். இவ்வளவு தூரம் படித்திருந்தால் இனி நான் வாயால் சொல்ல அதிகம் இல்லை.

இந்த நோட்டை விசாரணைக்குச் சாட்சியாக வைக்கத்தான் ஆரம்பித்தேன். விசாரணை வையுங்கள். புற ஊதா விளக்கின் ரெஜிஸ்டரையும் உங்கள் மேசையிலேயே வைத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதிக்குத் தேதி பாருங்கள். செப்டம்பர் 18, 19, 20-ஐ முதலில் பாருங்கள். ஏழாம் தேதி நீங்கள் என்னைப் பாராட்டியபோது நான் சொன்ன பதிலையும் பாருங்கள்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பென்சிலால் அடித்திருக்கிறேன். அந்த இடத்தில் பியூலாவின் பெயர் வர வேண்டும். அதோடு அத்தியாயம் நிற்குமா, நிற்காதா, டிசம்பருக்குள் முடியுமா என்பதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். ஆனால் அவளுக்கு நீங்கள் எழுத வேண்டிய கடிதம் இன்றைக்கே போக வேண்டும் சார். பதினைந்தாம் தேதி இன்டர்வியூ. நீங்கள் எழுதி முடிக்கும்வரை நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். தபாலில் போட்டால் நேரத்துக்குப் போய்ச் சேராது. கடிதத்தை நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கிறேன். அவள் ஊருக்குப் போக, சாயங்காலம் நாகர்கோவில் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அவள் அப்பாவிடம் நான் நேரில் பேச வேண்டியது இருக்கிறது.

இன்று காலை எட்டு மணிக்கு வந்தேன். வில்லைகளை விளக்கின் கீழே வைத்தேன். ரெஜிஸ்டரில், அக்டோபர் 3-ஆம் தேதி முடியாமல் நின்ற வரிக்குக் கீழே, இப்படி எழுதினேன்: "8.10 முதல் 8.20. வில்லைகள் 4. சுகுணா."